ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

பழனிசெட்டிபட்டி,
9.6.2025

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நீ எனக்குச் செய்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பங்குப் புத்தகங்கள் இருநூற்றுப் பன்னிரண்டையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராயப்பன்பட்டியில் ஒரு விடுதிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

இதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. போன வாரம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கை கழுவ விடுதிப் பக்கம் ஒதுங்கினால், கண்ணாடி அலமாரியில் வரிசையாக நம் புத்தகங்கள். முதல் தாளில் உன் பெயர், வாங்கிய தேதி, கீழே என் கையெழுத்து. வார்டனிடம் கேட்டேன். எனக்குக் காது கேட்காது என்று தெரியாமல் அவர் ரொம்ப நேரம் என்னவோ சொன்னார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "போடியில் இருந்த ஒரு அம்மா மனமுவந்து கொடுத்தது." மனமுவந்து!

நீ கல்யாணமாகிப் போடிக்குப் போனது 1979. அந்த மாதமே ஒரு புத்தகத்தை இரண்டு பிரதி வாங்கி ஒன்றை உனக்கு அனுப்பினேன். நாற்பத்தாறு வருடமாக எதை வாங்கினாலும் இரண்டு, ஒரே பதிப்பு. நீ அங்கே படிப்பாய். நான் இங்கே மில்லில் மாவு பறக்கப் பறக்கப் படிப்பேன். பிறகு கடிதத்தில் சண்டை. பக்க எண் சொல்லாமல் யாரும் எதையும் வாதாடக் கூடாது என்பது நான் போட்ட விதி. எட்டாம் வகுப்போடு நின்ற என்னைப் படித்தவர்கள் யாரும் ஏய்க்க முடியாமல் போனது அந்த விதியால்தான். மில் சத்தம் என் காதைக் கொண்டுபோய்விட்டது. போனில் பேச முடியாது. உன்னோடு எனக்கு மிச்சம் இருந்தது இந்தக் கடிதமும் அந்தப் பக்க எண்ணும்தான். இனி நான் "பக்கம் தொண்ணூறு" என்று எழுதினால் நீ எதைத் திறந்து பார்ப்பாய்?

நீ அனுப்பிய பார்சல் வந்தது. என் மகன் ஸ்டான்லி பிரித்துவிட்டு, டேப்லெட் என்றான். நான் தொடவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? பிலாஸ்பூரில் வெயில் தணிந்ததா? உன் மகள் எப்சிபா ரயில்வே வேலையில் இன்னும் ஷிப்டு பார்க்கிறாளா? இங்கு கர்த்தர் கிருபையால் மூச்சு ஓடுகிறது. கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

இப்படிக்கு,
மனம் உவக்காத உன் அண்ணன்
ராஜமணி


பிலாஸ்பூர்,
21.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவன் உங்களைச் சுகத்தோடும் கோபத்தோடும் வைத்திருப்பதற்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை எப்சிபா சத்தமாக வாசித்தாள். "மாமா வைறது கூட ராகமா இருக்கும்மா" என்றாள்.

நான் செய்தது தப்புதான். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள், அதனால் கேட்கவில்லை. அவர் போன பிறகு போடி வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. பூட்டிய வீட்டில் கரையான் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டு மாயக்காள் சொன்னாள். கரையான் படிப்பதைவிட விடுதியில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த டேப்லெட்டை மட்டும் தொட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இங்கே என்னிடம் இருப்பதும் அதேதான். ஒரே கம்பெனி, ஒரே அளவு. நம் வழக்கப்படி இரண்டு பிரதி. "பதினெட்டாம் வளைவு" என்று புதிதாக ஒரு நாவல், மலைக்குச் சாலை போட்ட காலத்துக் கதை, இரண்டிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். இதில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

காலில் என்ன? ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே. சர்க்கரை பார்த்தீர்களா?

இப்படிக்கு,
அன்புத் தங்கை
சுகிர்தம்


பழனிசெட்டிபட்டி,
4.7.2025

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு,

இங்கு நலம். நலம் என்று எழுதினாலும் நம்ப மாட்டாய், எனவே சொல்கிறேன்: காலில் சின்னப் புண். மருந்து போடுகிறேன். அவ்வளவுதான்.

என் கடிதத்தை எப்சிபா எதற்கு வாசிக்க வேண்டும்? உறையின் மேல் உன் பெயரைத்தானே எழுதினேன். போடி தபால் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டேப்லெட்டைத் தொட்டேன். தொட்டது தப்பு. முதலில் ஒரு கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வருகிறது, ஓர் எழுத்து இல்லை. கொண்டுபோய் மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் முத்துராஜாவிடம் கொடுத்தேன்.

"ஏலே முத்துராஜா, எந்தங்கச்சி பொஸ்தகம்னு கோலம் போட்டு அனுப்பியிருக்கா. என்னன்னு பாரு."

அவன் என் இடது காதில் வாயை வைத்துக் கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும். "பெரியவரே, இது பழைய வகை எழுத்துல அடிச்ச பைலு. அந்த எழுத்து இதுல இல்ல. அதான் கட்டமாத் தெரியுது."

அடுத்ததைத் திறந்தான். "இது பிடிஎப்பு. தாளை அப்பிடியே போட்டோ புடிச்சு வச்சிருக்காக. நீங்க விரிச்சீகன்னா தாளுதான் விரியும். ஒரு வரி படிக்க அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்கணும்."

"உழவு ஓட்டுற மாதிரி?"

"அதேதான். இந்தா, மூணாவது இருக்குல்ல, இது இபப்பு. எழுத்து எவ்வளவு பெருசு வேணுமோ ஆக்கிக்கிரலாம். வரி தன்னால மடங்கிக்கிரும். உங்க தங்கச்சி நாவலு இதுலதான் இருக்கு."

"எனக்கு எதுக்குடா பெருசாகணும்? எங்கண்ணு கழுகுக் கண்ணு."

"அப்பக் காதுக்கு ஏதும் பைலு இருக்கான்னு பாக்கட்டா?"

பக்கத்துப் பழக்கடைக்காரர் சிரித்தது எனக்குக் கேட்கவில்லை, தெரிந்தது.

நான் அந்த நாவலின் அச்சுப் பிரதியைத் தேனியில் சொல்லி வரவழைத்துவிட்டேன். மொத்தம் 388 பக்கம். நான் தாளில் படிப்பேன், நீ கண்ணாடியில் படி. விதி மட்டும் மாறாது. பக்கம் சொல்லாமல் பேசக் கூடாது.

அங்கே எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அண்ணன்
ராஜமணி


பிலாஸ்பூர்,
22.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் புண்ணுக்கும் உங்கள் சகலத்துக்கும் ஜெபிக்கிறேன். நான் சுகம்.

நாவலைப் பாதிக்கு மேல் தாண்டிவிட்டேன். நீங்கள் முந்தியே முடித்திருப்பீர்கள். ஆகவே நேராகச் சண்டைக்கு வருகிறேன். துரையின் கூடாரத்திலிருந்து சாலை வரைபடம் காணாமல் போகிறதே, அதை எடுத்தவன் சமையற்காரன் காத்தவராயன்தான். ஆசிரியர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் பாருங்கள்: கூடாரத்துக்குள் போகும்போது அவன் துண்டு தோளில் கிடக்கிறது. வெளியே வரும்போது, "அவன் தலையில் முண்டாசு இருந்தது" என்று ஒரு வரி. பக்கம் 702. உள்ளே போனவன் எதற்காக முண்டாசு கட்ட வேண்டும்? வரைபடம் அதற்குள் இருக்கிறது.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
சுகிர்தம்


பழனிசெட்டிபட்டி,
31.7.2025

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு,

உன் கடிதம் நாலு தாள். விஷயம் அரைத்தாளுக்குக் காணாது. ஒரு தாளுக்கு எட்டு வரிதான் எழுதியிருக்கிறாய், அதுவும் மலை ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போகிறது. பழைய ஆபீசுக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறாயா?

உன் வாதத்துக்கு வருகிறேன். 702ஆம் பக்கம் என்கிறாய். 388 பக்கப் புத்தகத்தில் ஏது 702? நீ சொல்லும் வரி அச்சில் 241ஆம் பக்கம், மேலிருந்து பதினோராம் வரி. சரி, கண்ணாடிப் புத்தகத்துக்குக் கணக்கு வேறாக இருக்கலாம் என்று என் டேப்லெட்டைத் திறந்து பார்த்தேன். அதில் 503. உன்னிடம் 702. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே புத்தகம் என்று எழுதியது நீதான். அப்படியானால் ஒன்று, நீ பார்க்காமல் வாய்க்கு வந்த எண்ணை எழுதுகிறாய். அல்லது எப்சிபாவிடம் கதை கேட்டுக்கொண்டு படித்ததுபோல எழுதுகிறாய்.

காத்தவராயன் திருடவில்லை. வெயில் ஏறினால் எவனும் முண்டாசு கட்டுவான்.

சரியான பக்கத்தைப் பார்த்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ராஜமணி


பிலாஸ்பூர்,
29.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை. கையிலும் கொஞ்சம் வலி. மற்றபடி சுகம்.

வாய்க்கு வந்ததை எழுதவில்லை அண்ணா. நீங்கள் போட்ட விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. என் முன்னால் என்ன எண் தெரிகிறதோ அதைத்தான் எழுதுகிறேன். இன்று காலையில் மறுபடி திறந்து பார்த்தேன். முண்டாசு வரி 1530ஆம் பக்கம்.

வெயிலுக்கு என்கிறீர்கள். அன்று அந்த மலையில் மூட்டம் போட்டிருந்தது. நாலு வரி முன்னால் பாருங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
சுகிர்தம்


பழனிசெட்டிபட்டி,
8.9.2025

சுகிர்தத்துக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

ஜூலையில் 702. ஆகஸ்டில் 1530. நடுவில் அந்த வரிக்குக் கால் முளைத்து எண்ணூறு பக்கம் நடந்துபோனதா? எழுபத்தாறு வயது அண்ணனைக் கேலி செய்ய வேண்டுமானால் நேராகச் செய். தாளைத் தூக்கி எறிந்துவிட்டாய், பக்கத்தையும் தூக்கி எறிந்துவிட்டாய். விதி இல்லாத இடத்தில் எனக்குப் பேச்சு இல்லை. என் மில்லுக்கு வந்தவர்கள் கல் கலந்த தானியத்தைக் கொட்டினால் எந்திரத்தை நிறுத்திவிடுவேன். அப்படித்தான் இதுவும்.

மூட்டம் என்பது உண்மை. பார்த்தேன். ஆனால் மூட்டம் கலைந்தது என்று அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. பக்கம் 241, பதினாறாம் வரி. இது அச்சுப் பக்கம், ஓடாது.

நீ ஒழுங்கான எண்ணைச் சொல்லும்வரை நான் எழுதப் போவதில்லை.

ராஜமணி


பிலாஸ்பூர்,
15.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கை வலி குறையவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல எப்சிபா எழுதுகிறாள். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று அதற்கும் ஒரு கோபம் வேண்டாம்.

நீங்கள் எழுதாமல் இருந்த இந்த ஐந்து வாரமும் எனக்குச் சரியாக இல்லை. ஒழுங்கான எண்ணைக் கேட்டீர்கள். நேற்று மத்தியானம் வெளிச்சம் நன்றாக இருந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்து தேடினேன். மூன்று மணி நேரம் ஆனது. முண்டாசு வரி 9214ஆம் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் அந்த வரி மட்டும்தான் இருந்தது.

மூட்டம் கலைந்தது அவன் வெளியே வந்த பிறகு. கட்டியது அதற்கு முன்னால். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கால் எப்படி இருக்கிறது? அதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
சுகிர்தம்


பழனிசெட்டிபட்டி,
25.10.2025

அன்பு மருமகள் எப்சிபாவுக்கு,

இது உனக்கு எழுதும் கடிதம். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

9214 என்று பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வேதாகமத்துக்கே அத்தனை பக்கம் கிடையாது. டேப்லெட்டையும் உன் கையெழுத்துக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு முத்துராஜா கடைக்குப் போனேன்.

"ஏலே, நாலு பேரு முன்னாடி சொல்லு. இதுல ஒம்பதாயிரத்துச் சொச்சம் பக்கம் இருக்கா இல்லையா? அவ புளுகுறாளா இல்லையா?"

அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான். பிறகு டேப்லெட்டில் முண்டாசு வரியைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தான். பக்கம் 503. ஓரத்தில் ஒரு கூட்டல் குறி இருந்தது. "பெரியவரே, இதை நீங்களே அமுக்குங்க" என்றான்.

அமுக்கினேன். எழுத்து கொஞ்சம் பெரிதானது. கீழே எண் 702 என்று மாறியது.

எப்சிபா, நான் கைநாட்டு அல்ல. அந்த நிமிடமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. "பாத்தியா, மாறுது! மிஷினு கோளாறு!" என்று கத்தினேன். அவன் இன்னும் அமுக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அமுக்கினேன். 1016. அமுக்கினேன். 1530. அப்போது கை நின்றுவிட்டது.

702 ஜூலை. 1530 ஆகஸ்டு.

"எழுத்து பெருசாக ஆக ஒரு பக்கத்துல நிக்கிறது கொறஞ்சுரும். பக்கம் கூடிக்கிட்டே போகும். அவுக புளுகல. அவுகளுக்கு எந்த அளவுக்குத் தெரியுதோ அந்த அளவுல வச்சுப் படிக்கிறாக" என்றான். அன்றைக்கு அவன் கத்தவே இல்லை. உதட்டைப் பார்த்தே எனக்கு விளங்கியது.

மிச்சத்தையும் அமுக்கினேன். 2700. 5100. 9214. கண்ணாடி முழுக்க ஆறு சொல். "வெளியே வந்தபோது அவன் தலையில் முண்டாசு இருந்தது." ஒவ்வோர் எழுத்தும் என் கட்டைவிரல் அளவு. அதற்கு மேலும் அமுக்கினேன். எண் ஏறவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன்.

"இதுக்கு மேல இல்ல பெரியவரே. இதான் கடைசி."

வீட்டுக்கு வந்து ஸ்டான்லியை உட்கார வைத்துக் கேட்டேன். அவன் என் இடது காதுக்குப் பக்கத்தில் வந்து, "அத்தைதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக" என்றான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மே மாதத்திலிருந்தாம். என்னோடு ஒரே மேசையில் ஐந்து மாதம் சாப்பிட்டிருக்கிறான்.

உன்னிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. உன் அம்மாவின் கண்ணுக்கு டாக்டர் என்ன சொல்கிறார்? சுற்றி வளைக்காமல் எழுது. என்னைத் தேற்றாதே.

உன் மாமா
ராஜமணி


பிலாஸ்பூர்,
6.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் ஆபீசில் வைத்துப் படித்தேன். தேற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி எழுதத் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வருகிறது மாமா. வலது கண் போன வருடமே போய்விட்டது. இடது கண்ணுக்கு ஆறு ஊசி போட்டோம். ஒவ்வொரு ஊசிக்கும் கொஞ்ச நாள் நின்றது, பிறகு மறுபடி இறங்கியது. இப்போது பார்க்கும் இடத்தில் கருப்பாக ஒரு வட்டம். ஓரம் மட்டும் தெரிகிறது. கதவு தெரியும், அதில் நிற்பது யார் என்று தெரியாது. போனது திரும்பாது, இனி ஊசியும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹைதராபாத்திலும் காட்டினோம். அங்கேயும் அதையே சொன்னார்கள்.

புத்தகங்களை விடுதிக்குக் கொடுத்தது கரையானால் இல்லை. அச்செழுத்து அம்மாவுக்கு எறும்பு ஊர்வதுபோல் ஆகி ஒரு வருடம் இருக்கும். டேப்லெட் வாங்கியதே எழுத்தைப் பெரிதாக்கத்தான். உங்களுக்கும் ஒன்று அனுப்பியது, நீங்கள் சந்தேகப்படாமல் இருப்பதற்காக.

உங்களிடம் சொல்லிவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அம்மா மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெரிஞ்சா எங்கண்ணன் எங்கிட்டச் சண்டை போடுறத நிறுத்திருவாக. காத்தவராயன் திருடுனான்னு நான் சொன்னா ஆமான்னு ஒத்துக்கிருவாக. அன்னைக்குத்தான் எனக்கு நெசமாவே கண்ணு போகும்."

பக்க எண்ணை மாற்றிச் சொல்லலாமே, அச்சில் 241 என்று மாமாவே எழுதியிருக்கிறாரே என்று நான் கேட்டேன். "பாக்காத பக்கத்த எழுதக் கூடாது. அது அண்ணன் போட்ட விதி" என்று சொல்லிவிட்டார்கள். அந்த 9214ஐ மூன்று மணி நேரம் தேடியதை நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போய் உதவவும் விடவில்லை.

போன வாரத்திலிருந்து அந்த அளவும் தெரியவில்லை மாமா.

இவ்வளவுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்
எப்சிபா


பழனிசெட்டிபட்டி,
20.11.2025

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு, எப்சிபா வாசிக்க நீ கேட்பதற்காக,

கர்த்தருக்குள் உன்னை நலம் விசாரிக்கிறேன். பதிலாகச் சுகம் என்று மட்டும் எழுதச் சொல்லாதே. எனக்கு எல்லாம் தெரியும். எப்சிபாவைத் திட்டாதே, நான் கேட்டுத்தான் அவள் சொன்னாள்.

எத்தனை நாள் யோசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் பேசினால் உனக்குக் கேட்கும், நீ பேசினால் எனக்குக் கேட்காது. நீ எழுதினால் எனக்குத் தெரியும், நான் எழுதினால் உனக்குத் தெரியாது. நம் இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தாலும் நடுவில் ஒருத்தர் வேண்டும். எதற்கும் ஒரு பக்கத்தைத் திறந்து, இதோ பார், இங்கே இருக்கிறது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதற்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியவில்லை. ஜெபத்தில் முழங்கால் போடவும் இந்தக் காலோடு முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, என்ன கேட்பது என்று தெரியாமல், ஆமென் மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

நீ மறைத்ததை நான் மன்னிக்கவில்லை. 702க்கும் 1530க்கும் நான் எழுதிய கடிதங்களை நீயும் மன்னிக்க வேண்டாம். இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சரியாகக் கேட்டுக்கொள்.

முதலில் எப்சிபா. என் கடிதங்களை நான் எழுதியபடியே வாசிக்க வேண்டும். திட்டும் இடத்தில் குரலைத் தணிக்கக் கூடாது. மாதம் ஒரு முறை, நீ சொல்லி எழுதும் கடிதம் தவிர, உன் கண்ணைப் பற்றி அவளே தனியாக எனக்கு எழுத வேண்டும். வெளிச்சம் தெரிகிறதா, கதவு தெரிகிறதா, அவ்வளவு போதும்.

முத்துராஜா. டேப்லெட்டில் குரலைப் பதிவு செய்வது எப்படி என்று எனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டான். அந்தக் கருவியே புத்தகத்தை வாசிக்குமாம், நான் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமாம். அதில் துரைக்கும் காத்தவராயனுக்கும் ஒரே குரலாம். அது தேவையில்லை. அவன் செய்ய வேண்டியது வேறொன்று. அந்தக் கடைசி அளவைவிடப் பெரிய எழுத்து எந்த டேப்லெட்டிலாவது உண்டா என்று விசாரிக்க வேண்டும். எழுத்து பெரிதானால் மட்டும் போதாது பெரியவரே என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். நாலாவது தடவையும் விசாரிக்க வேண்டும்.

ஸ்டான்லி. மே மாதத்திலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத் தண்டனையாக, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் எதிரே உட்கார வேண்டும். நான் நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து சத்தமாக வாசிப்பேன். என் குரல் எனக்கே கேட்காது. கத்தினால் அவன் கையை இறக்க வேண்டும், முனகினால் தூக்க வேண்டும். பதிவானதை அன்றே எப்சிபாவின் போனுக்கு அனுப்ப வேண்டும். அதோடு, கால் புண் ஆறுவதற்குப் போன வாரம் டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்த மறுநாளுக்கு, பிலாஸ்பூருக்கு இரண்டு டிக்கெட் போட வேண்டும். கால் ஆறாவிட்டாலும் போட வேண்டும்.

விடுதி வார்டன். புத்தகங்கள் அங்கேயே இருக்கட்டும். முதல் தாளை மட்டும் யாரும் கிழிக்காமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எழுதியும் கொடுத்தேன்.

நான். வாசிப்பேன். மாதம் ஒரு கடிதம் தாளில் எழுதுவேன். பக்கம் சொல்லும் விதியை உனக்கு மட்டும் எடுத்துவிட்டேன். எனக்கு அது உண்டு. நான் பக்கமும் வரியும் சொல்வேன், நீ இடத்தைச் சொன்னால் போதும். நாற்பத்தாறு வருடத்தில் நான் விட்டுக்கொடுப்பது இது ஒன்றுதான். வேறெதையும் எதிர்பார்க்காதே.

கடைசியாக நீ. அண்ணன் பாவம் தொண்டை வலிக்க வாசிக்கிறார் என்று தலையாட்டிக்கொண்டு கேட்கக் கூடாது. அச்சுப் பிரதி, பக்கம் 240, கடைசி வரி: "காலையிலிருந்தே மலையில் வெயிலும் மூட்டமும் மாறி மாறி வந்தன." மாறி மாறி. அதை நீ பார்க்கவில்லை. காத்தவராயன் வெயிலுக்குத்தான் முண்டாசு கட்டினான். திருடவில்லை. கண் போனதற்காக அவனை உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். அவன்தான் எடுத்தான் என்றால், நீ நிரூபிக்க வேண்டும்.

உன் அண்ணன்
ராஜமணி